அத்தியாயம் 9: மன்னிக்கும் கெடு, மன்னிக்காத கெடு

சனிக்கிழமை வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாள் நான் சட்டம் பேசுவதில்லை. ஒரு தாளும் ஒரு காலண்டரும் கொடுப்பேன். காலண்டர் என்றால் கைபேசியில் இருப்பது இல்லை. மணிமங்கலம் கடைத்தெருவில் மளிகைக்கடைக்காரர் வருடா வருடம் இனாமாகக் கொடுக்கிற, ராகுகாலமும் எமகண்டமும் அரசு விடுமுறையும் அச்சடித்த தினசரி காலண்டர். தாளில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "ஐரோப்பியக் காப்புரிமை ஒன்று வழங்கப்பட்ட அறிவிப்பு 2025 மார்ச் 12 புல்லட்டினில் வந்திருக்கிறது. உரிமையாளர் நம் கம்பெனி. அடுத்த கெடுக்கள் எவை?"

ஐரோப்பியக் காப்புரிமை புல்லட்டின் புதன்கிழமைதோறும் வரும். மார்ச் 12 புதன்தான். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஒருங்கிணைந்த காப்புரிமை வேண்டுமா என்று கேட்டு மனு போட வேண்டும். அது வேண்டாம், நாடு நாடாகப் பதிவு செய்துகொள்கிறோம் என்றால், பெரும்பாலான நாடுகளில் மூன்று மாதம். ஒரு மாதம் என்பது ஏப்ரல் 12; அது சனிக்கிழமை. அலுவலகம் மூடியிருக்கும் என்பதால் கெடு தானாக அடுத்த வேலைநாளுக்கு, திங்கள் 14க்குத் தள்ளிப்போகிறது. இதுவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். பிறகு யாராவது ஒருவர் காலண்டர் தாளைக் கிழிக்காமல் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

"அக்கா, திங்கக்கிழமை சித்திரை ஒண்ணு. லீவுக்கா. அப்ப செவ்வாய் பதினஞ்சுதானே?"

யாருக்கு லீவு என்பதுதான் கேள்வி. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் விதி 134 பார்ப்பது மியூனிக், தி ஹேக், பெர்லின் ஆகிய இடங்களில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் வரவேற்பு முகப்புகள் திறந்திருக்கின்றனவா என்பதை மட்டும். நமக்குப் புத்தாண்டு, அவர்களுக்கு வெறும் திங்கட்கிழமை. கெடு 14ஆம் தேதியேதான். வடை பாயசத்தோடு உட்கார்ந்திருக்கும்போது அது முடிந்துவிடும்.

15 என்று எழுதியவருக்கு அன்று நான் திட்டு கொடுப்பதில்லை. அடுத்த கேள்வி கேட்பேன்: "சரி, தவறிவிட்டது. இனி என்ன செய்வாய்?" ஒரு மாதக் கெடு முடிந்ததிலிருந்து இரண்டு மாதத்துக்குள், முழுக் கவனமும் எடுத்துக்கொண்டும் தவறிவிட்டது என்று காரணம் காட்டி, இழந்த உரிமையை மறுபடி நிலைநாட்டக் கேட்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால், ஜூன் 12 வரை நாடு நாடாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. செலவு கூடும், நாடுகள் குறையும். ஆனாலும் ஒரேயடியாகக் கை நழுவாது. இது மன்னிக்கும் கெடு.

பிறகு தாளைத் திருப்பச் சொல்வேன். பின்பக்கத்திலும் அதே காப்புரிமை, அதே மார்ச் 12. ஒரே வித்தியாசம், உரிமையாளர் போட்டிக் கம்பெனி. நாம் எதிர்க்க வேண்டும். ஒன்பது மாதம், டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. அது தவறினால்? எதுவும் இல்லை. நீட்டிப்பு கிடையாது, மறுநிலைநாட்டல் கிடையாது, மன்னிப்புக் கடிதத்துக்கு மதிப்பு கிடையாது.

காப்புரிமை வழங்கப்பட்ட பிறகு வரும் நடைமுறைகளில் பயிற்சி கொடுப்பதென்றால் நான் கொடுப்பது இந்தத் தாளின் இரண்டு பக்கங்களைத்தான். தேதி கணக்குப் போடுவதற்கு இன்று மென்பொருள் இருக்கிறது. அந்தத் தேதி தவறினால் என்ன ஆகும், யாருக்கு ஆகும் என்பதைச் சொல்ல ஆள் வேண்டும்.

இந்த ஊரில் எதற்கு

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று நம்மைச் சுற்றிக் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள். 1990களின் இறுதியில் ஹூண்டாய், 2010இல் ரெனோ–நிஸான், 2012இல் டைம்லர் என்று பெரிய பெயர்கள் வந்தன. அவற்றைச் சுற்றி பிரேக், சீட், ரப்பர், வயரிங், கண்ணாடி என்று துணை உதிரிபாகக் கம்பெனிகள். பெரியவர்களின் காப்புரிமை வேலையெல்லாம் அவர்களுடைய தலைமையகத்தில் நடக்கும். ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கும் நடுத்தரக் கம்பெனிகளுக்குத்தான் இந்த அத்தியாயம். அங்கே ஒரு போட்டியாளர் வாங்கிய காப்புரிமை, இங்கே ஏற்றிய கண்டெய்னரை அங்கே நிறுத்திவிட முடியும். முதல் ஒன்பது மாதத்தில் எதிர்த்தால், அந்தக் காப்புரிமை எத்தனை நாடுகளில் இருக்கிறதோ அத்தனையிலும் ஒரே வழக்கில் தீர்த்துவிடலாம். ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையில் இன்று 39 நாடுகள். ஒன்பது மாதம் போய்விட்டால் நாட்டுக்கு ஒரு வழக்கு. இல்லையென்றால் 2023 ஜூன் 1 முதல் இயங்கும் ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றம். அதன் செலவு வேறு ரகம்.

வகுப்புக்கு வருகிறவர்கள் பி.காம். முடித்தவர்கள், மெக்கானிக்கல் டிப்ளமோக்காரர்கள், முடிச்சூரிலிருந்தும் படப்பையிலிருந்தும் ஸ்கூட்டரில் வருகிறவர்கள். ஆங்கிலம் சரளமாக வருகிறதா என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. முன்பு டிஸ்பேட்ச் பகுதியில் வேலை பார்த்தவர்களைக் கண்டால் எனக்குச் சந்தோஷம். துறைமுக வாசலில் கட்–ஆஃப் நேரம் தாண்டிய கண்டெய்னரை எந்தக் கப்பலும் நின்று ஏற்றிக்கொள்ளாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

(ஊர்ப் பெருமைக்கு ஒரு வரி: ஏழாம் நூற்றாண்டில் புலிகேசியின் படையைப் பல்லவர்கள் எதிர்த்து முறியடித்த களங்களில் ஒன்று இந்த மணிமங்கலம். கூரம் செப்பேட்டில் பெயர் இருக்கிறது. அவர்களுக்கு ஒன்பது மாதக் கெடு இருக்கவில்லை.)

கிண்டி பழக்கத்தைக் கழற்றி வையுங்கள்

இந்தியக் காப்புரிமை வேலையில் ஓரிரு வருடம் இருந்தவர்கள்தான் இங்கே அதிகம் தடுக்கி விழுகிறார்கள். கிண்டியில் உள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகத்துப் பழக்கம் கையில் ஊறியிருக்கும். நம் சட்டத்தில் வழங்கப்பட்ட பிறகான எதிர்ப்புக்கு ஒரு வருடம். ஐரோப்பாவில் ஒன்பது மாதம். நம்மூரில் அந்தக் கட்டத்தில் சம்பந்தப்பட்டவர்தான் எதிர்க்க முடியும். அங்கே எவரும் எதிர்க்கலாம், உரிமையாளரைத் தவிர. மேல்முறையீட்டுப் பழக்கமும் அப்படித்தான். சென்னையிலேயே தலைமையகம் வைத்திருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டு, வழக்குகள் உயர்நீதிமன்றத்துக்குப் போனதைப் பார்த்தவர்கள் நாம். இங்கே கெடு மூன்று மாதம், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மனு போடும் பழக்கமும் உண்டு. அந்த மனநிலையை மியூனிக் கோப்புக்குள் எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

இன்னொரு பழக்கம் ஐரோப்பாவிலிருந்தே வருவது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது 'ஃபர்தர் பிராசஸிங்' என்று ஒரு வசதி உண்டு. கெடு தவறினால், தவறியது என்ற அறிவிப்பு வந்து இரண்டு மாதத்துக்குள் விட்ட வேலையைச் செய்து, கூடுதல் கட்டணம் கட்டினால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். மூன்று நான்கு வருடம் விண்ணப்பக் கோப்புகளை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தைலப் புட்டி மாதிரி, எந்த வலிக்கும் தேய்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும். அது விண்ணப்பதாரருக்கு மட்டும் உள்ள வசதி. எதிர்ப்பு வழக்கில் இரண்டு தரப்புக்குமே அது கிடையாது.

வேம்பு வழக்கை ஒரு கோப்பாகப் படியுங்கள்

வேம்பு வழக்கை நாம் பெருமைக்காகச் சொல்வோம். நான் வகுப்பில் அதைக் கோப்பாகப் பிரித்துக் காட்டுவேன்.

அமெரிக்க விவசாயத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் சேர்ந்து, வேப்பெண்ணெய்ச் சாற்றால் பயிர்களில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு வாங்கிய ஐரோப்பியக் காப்புரிமை, எண் 436257. வழங்கிய அறிவிப்பு 1994 செப்டம்பர் 14, அதுவும் புதன்கிழமைதான். ஒன்பது மாதத்தை எண்ணினால் 1995 ஜூன் 14. அந்த ஜூனில் எதிர்ப்பு பதிவானது. எதிர்த்தவர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியின் மக்தா ஆல்வோட், வந்தனா சிவா, இயற்கை வேளாண்மை இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. மூவரில் யாரும் பூஞ்சைக்கொல்லி விற்கும் போட்டியாளர் இல்லை. எவரும் எதிர்க்கலாம் என்ற விதி இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்.

2000 மே மாதம் எதிர்ப்புப் பிரிவு காப்புரிமையை ரத்து செய்தது. செய்தித்தாள்களுக்கு வழக்கு அத்தோடு முடிந்தது. கோப்புக்கு முடியவில்லை. உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். மேல்முறையீடு போட்ட மாத்திரத்தில் கீழ்த் தீர்ப்பு அந்தரத்தில் நிற்கும். அதாவது ரத்து அமலுக்கு வராது. மேல்முறையீட்டுக் குழு அதைத் தள்ளுபடி செய்தது 2005 மார்ச் 8 அன்று, டி 416/01 என்ற எண்ணில். நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருடம்.

இதை வைத்து ஒரு கேள்வி கேட்பேன்: 2000 மே முடிவில் உரிமையாளர் தரப்பு நிர்வாகி நீங்கள் என்றால், கோப்பை என்ன செய்வீர்கள்? பாதிப் பேர் 'குளோஸ்' என்று எழுதுவார்கள். அப்படிக் குளோஸ் செய்தால் ஆண்டுக் கட்டண நினைவூட்டல் நின்றுவிடும். மேல்முறையீட்டில் ஜெயித்தாலும் கையில் காப்புரிமை இருக்காது. எதிர்த்தவர் தரப்பில் இருந்தால்? ஜெயித்தாயிற்று என்று கண்காணிப்பை எடுத்துவிடுவார்கள். அதுவும் தவறு. நிலுவையில் மேல்முறையீடு இருக்கும்வரை கோப்புக்கு உயிர் இருக்கிறது. ரத்து என்ற வார்த்தையைக் கண்டதும் கோப்பை மூடுவது இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த பிழை.

வேம்பு வழக்கு இன்னொன்றும் கற்றுத்தருகிறது. இந்தியத் தொழிற்சாலை ஒன்றை நடத்தியவர், காப்புரிமைக்கு முன்பே இதுபோன்ற சாற்றைத் தாங்கள் தயாரித்தோம் என்று நேரில் போய் சாட்சி சொன்னது அங்கே பெரிய எடை பெற்றது. நம் பகுதிக் கம்பெனிகளிடம் இருக்கும் பெரிய ஆயுதம் இதுதான்: 'இதை நாங்கள் முன்பே விற்றிருக்கிறோம்'. அதை நிரூபிக்கிற காகிதத்தைத் தேடி எடுப்பது நிர்வாகியின் வேலை. எதை விற்றோம், எப்போது விற்றோம், எந்த நிலையில், யார் பார்க்கும்படி விற்றோம் என்ற மூன்றுக்கும் தனித்தனிக் காகிதம் வேண்டும். டெலிவரி சலானில் பார்ட் நம்பர் இருக்கும். அந்தப் பார்ட் நம்பருக்கு அன்று நடப்பில் இருந்த வரைபடத்தின் ரிவிஷன் எது என்பது டிசைன் பிரிவில் இருக்கும். பணம் வந்தது கணக்குப் பிரிவில் இருக்கும். 2017 ஜூலைக்கு முந்தையது என்றால் ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் தேடிப் பயனில்லை, எக்சைஸ் இன்வாய்ஸ் கட்டைத் தேட வேண்டும். சலானில் ரிவிஷன் 'பி', கொடுத்த வரைபடம் ரிவிஷன் 'சி' என்றால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டே அரை நாள் பேசுவார். எல்லா ஆதாரமும் நம் கைவசமே இருக்கிறது என்பதால் நிரூபிக்கும் பாரமும் நம் மேல் கடுமையாக விழும்.

ஸ்டோர்ஸ் பதிவேடு தமிழில் கையால் எழுதியதாக இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள். ஆவண ஆதாரம் எந்த மொழியிலும் இருக்கலாம். அலுவலகம் கேட்டால் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் இவற்றில் ஒன்றில் மொழிபெயர்ப்புக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. தமிழ் மூலம் ஐரோப்பிய வாசலுக்குப் புதிதும் இல்லை. சித்த மருத்துவ நூல்களும் அடங்கிய இந்தியாவின் மரபு அறிவு மின்நூலகத்தைப் பார்க்க ஐரோப்பிய அலுவலகத்துக்கு 2009 முதல் அனுமதி இருக்கிறது.

எதிர்ப்பு மனு: நம் கையில் இருப்பது

மனுவை எழுதுவதும் வாதாடுவதும் ஐரோப்பியப் பிரதிநிதியின் வேலை. உறுப்பு நாடுகளில் இருப்பிடமோ தொழிலகமோ இல்லாத கம்பெனி அவர் மூலமாகத்தான் நடவடிக்கை எடுக்க முடியும். ஆகவே 'அசோசியேட் பார்த்துக்கொள்வார்' என்று நாம் சாய்ந்து உட்கார்ந்துவிடுவோம். அவர் பார்த்துக்கொள்வார்தான், நாம் சொன்னதை. நாம் சொல்ல மறந்தது மூன்று.

ஒன்று, பணம். ஒன்பது மாதத்துக்குள் கட்டணமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனு எவ்வளவு அருமையாக எழுதப்பட்டிருந்தாலும் போட்டதாகவே கருதப்படாது. வங்கிப் பரிமாற்றம் என்றால் அவர்கள் கணக்கில் வரவு வைக்கப்படும் நாள்தான் கணக்கு. ஏ2 படிவம், ஆடிட்டர் சான்று, வங்கிக் கிளையில் அந்நியச் செலாவணி பார்க்கிறவர் விடுப்பு என்று நம் பக்கத்தில் எத்தனை தடங்கல் வரும் என்பது உங்களுக்கே தெரியும். அசோசியேட்டின் வைப்புக் கணக்கிலிருந்து கட்டச் சொல்லுங்கள், அவருக்கு நாம் அனுப்பும் பணத்தை அதோடு முடிச்சுப்போடாதீர்கள். தொகையைப் பழைய கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் 1 அன்று கட்டணம் மாறுவது வழக்கம்.

இரண்டு, பெயர். எதிர்க்கிறவர் யார் என்பது கெடுவுக்குள் தெளிவாக இருக்க வேண்டும். நம் பகுதியில் ஒரே வளாகத்தில் மூன்று போர்டு தொங்கும். தாய்க் கம்பெனி, பிரைவேட் லிமிடெட், ஜாயின்ட் வென்ச்சர். விசிட்டிங் கார்டில் இருப்பதை எழுதாதீர்கள். பதிவுச் சான்றில் இருப்பதை எழுதுங்கள். எதிர்ப்பாளர் என்ற இடத்தை நினைத்தபோது இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. சம்பந்தப்பட்ட தொழிலையே கைமாற்றும்போதுதான் அதுவும் கூடப் போகும். பெயர் வெளியே வர வேண்டாம் என்று கம்பெனி நினைத்தால் வேறொருவர் பெயரில் எதிர்க்க இடமுண்டு. அதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

மூன்று, நம் உள்கெடு. நான் டாக்கெட்டில், அதாவது கெடுப் பதிவேட்டில், கெடுவுக்கு மூன்று வாரம் முன்னால் 'இறுதி உத்தரவு' என்று ஒரு நாள் போடுவேன். அது தவறினால் மேலாளர் வீட்டுக்கே போன் போகும்.

ஒன்பது மாதத்தை விட்டவருக்கு முழுக்கவும் இருட்டு இல்லை. வேறு யாராவது எதிர்த்து வழக்கு நடந்துகொண்டிருந்தால், மூன்றாம் தரப்புக் குறிப்பாக நம் ஆதாரத்தைக் கட்டணம் இல்லாமல், பெயர் சொல்லாமல்கூட அனுப்பலாம். ஆனால் வழக்கில் நமக்கு இடம் கிடைக்காது. நம்மீதே அத்துமீறல் வழக்குப் போட்டிருந்தால், அந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் குறுக்கிட்டு உள்ளே நுழையலாம். இரண்டுக்கும் யாரோ ஒருவரின் எதிர்ப்பு நிலுவையில் இருக்க வேண்டும். பதிவேட்டில் அது இருக்கிறதா என்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

மேல்முறையீடு: இரண்டும் நான்கும்

இங்கே ஒரே ஒரு பயிற்சிதான், ஆனால் நான்கு பேரில் ஒருவர்தான் முதல் தடவையே சரியாகப் போடுகிறார். எதிர்ப்புப் பிரிவின் முடிவு 2025 ஜூன் 30 தேதியிட்டு மின்னஞ்சல் பெட்டிக்கு வந்திருக்கிறது. மேல்முறையீட்டு அறிவிப்புக்கு இரண்டு மாதம், காரணங்களுக்கு நான்கு மாதம். தேதிகள் என்ன?

பழைய கை ஒருவர் ஜூன் 30ஓடு பத்து நாள் சேர்த்து, ஜூலை 10இலிருந்து எண்ணி, செப்டம்பர் 10 என்பார். பத்து நாள் சலுகை 2023 நவம்பர் 1 முதல் இல்லை. ஆவணத்தில் போட்ட தேதியே கிடைத்த தேதி. ஏழு நாளுக்கு மேல் தாமதமாக வந்திருந்தால், ஏழுக்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் கெடுவோடு கூடும். ஒன்பதாம் நாள் வந்தால் இரண்டு நாள். பத்து நாள் சேர்ப்பது பத்து வருடம் கை பழகிய கணக்கு, எளிதில் போகாது. புதியவர்களைவிட அனுபவசாலிகளின் கோப்பை நான் கூடுதலாகச் சரிபார்ப்பது இதனால்தான்.

சரியான கணக்கு: இரண்டு மாதம் ஆகஸ்ட் 30, சனி, ஆகவே செப்டம்பர் 1, திங்கள். அடுத்த பொறி இங்கேதான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு பெண் செப்டம்பர் 1ஐ ஆரம்பமாக வைத்து இன்னும் இரண்டு மாதம் கூட்டினாள். நவம்பர் 1 சனி, ஆகவே நவம்பர் 3 என்று பதிந்துவிட்டாள். (வருடத்தை மாற்றியிருக்கிறேன், கணக்கு அதேதான்.) நான்கு மாதமும் முடிவு கிடைத்த நாளிலிருந்துதான் ஓடுகிறது, நாம் அறிவிப்புப் போட்ட நாளிலிருந்து இல்லை. சரியான நாள் அக்டோபர் 30, வியாழன். இரண்டாவது ஆள் சரிபார்த்தபோது கண்டுபிடித்தார். அவர் பார்த்திராவிட்டால் நான்கு நாள் தாமதமாக, நிம்மதியாக, ஒரு வழக்கைத் தோற்றிருப்போம்.

கட்டணத்தில் ஒரு பொறி. இயல்பான மனிதர், சிறு நடுத்தர நிறுவனம், பல்கலைக்கழகம், லாபநோக்கற்ற அமைப்பு ஆகியோருக்கு மேல்முறையீட்டுக் கட்டணம் குறைவு. உடனே நம்மவர்கள் உத்யம் சான்றிதழை எடுத்து நீட்டுவார்கள். அளவுகோல் ஐரோப்பிய ஆணையத்துடையது: 250 பேருக்குக் குறைவான ஊழியர்கள், 5 கோடி யூரோவுக்கு மிகாத ஆண்டு விற்பனை, கூடவே யார் பங்கு வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு. பெரிய கம்பெனியின் பங்கு உள்ளே இருந்தால் தகுதி போய்விடலாம். தகுதியில்லாமல் குறைத்துக் கட்டினால் மேல்முறையீடே போட்டதாகக் கருதப்படாத ஆபத்து இருக்கிறது. சந்தேகம் வந்தால் முழுத் தொகை கட்டுங்கள்.

எதிர்த்தவருக்கு இங்கே பாதி மன்னிப்பு உண்டு. விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டுக் குழுவின் ஜி 1/86 முடிவுப்படி, அறிவிப்பை ஒழுங்காகப் போட்டுவிட்டுக் காரணங்களுக்கான நான்கு மாதத்தைத் தவறவிட்ட எதிர்ப்பாளர் மறுநிலைநாட்டல் கேட்கலாம். அறிவிப்புக்கான இரண்டு மாதத்தையே தவறவிட்டால் கேட்க முடியாது. உரிமையாளருக்கு இரண்டுக்கும் வழி உண்டு. ஒரே மேசையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் மட்டும்தான் மெத்தை.

பயிற்சியே ஒரு சாட்சி

மறுநிலைநாட்டல் கேட்கிறபோது நிரூபிக்க வேண்டியது, சூழ்நிலைக்குத் தேவையான முழுக் கவனத்தையும் எடுத்துக்கொண்டோம் என்பதை. ஜே 5/80 என்ற பழைய முடிவு இதை உதவியாளர்களோடு கட்டிப்போட்டது. உதவியாளர் செய்த பிழையை மன்னிக்கலாம். ஆனால் அந்த வேலைக்குத் தகுந்த ஆளைத் தேர்ந்தெடுத்தோம், ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தோம், நியாயமான மேற்பார்வை வைத்திருந்தோம் என்று காட்ட வேண்டும். பெரிய அலுவலகம் என்றால் ஒருவர் போட்டதை இன்னொருவர் தனியாகச் சரிபார்க்கும் ஏற்பாடும் இருந்ததா என்று கேட்பார்கள்.

இதைப் படித்த பிறகுதான் நான் பயிற்சிப் பதிவேட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். எந்தத் தேதியில் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தோம், எந்தப் பயிற்சியில் என்ன பிழை, யார் திருத்தினார், எப்போது தனியாகக் கோப்புப் பார்க்க விட்டோம். இதெல்லாம் நாளைக்கு மியூனிக்கில் ஒரு குழுவின் முன் போகக்கூடிய காகிதம். 'அனுபவசாலி, நம்பகமானவர்' என்ற ஒற்றை வரிக்கு அங்கே எடை குறைவு. கணினியில் நினைவூட்டல் வந்தது என்பதும் போதாது. வந்ததை யார் பார்த்தார், பார்த்துவிட்டு என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. கேட்பதற்கும் கெடு இருக்கிறது: தடை நீங்கிய இரண்டு மாதத்துக்குள், எப்படிப் பார்த்தாலும் தவறிய கெடு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள். பிழை தெரிந்த நாளில் சொல்லாமல் மூன்று வாரம் ஒளித்து வைத்தவர் அந்த இரண்டு மாதத்தில் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டார் என்று அர்த்தம். ஆகவே பிழையைச் சொன்னவரை அன்றைக்குத் திட்டக் கூடாது என்பது என் வகுப்பு விதி. திட்டுவதற்கு அடுத்த வாரம் இருக்கிறது.

ஐரோப்பாவில் நிர்வாகிகளுக்கென்றே ஐரோப்பியக் காப்புரிமை நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வு, ஈபாக், நடக்கிறது. வசதி இருப்பவர்கள் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் அலுவலகத்தின் வழிகாட்டு நெறிகளில் எதிர்ப்பைப் பற்றிய 'டி' பகுதி இணையத்தில் இலவசம். அதைத் தினம் நான்கு பக்கம் படித்தவரை நான் எந்தச் சான்றிதழுக்கும் குறைவாக மதிப்பதில்லை.

இரவைப் பற்றி ஒரு வார்த்தை. மியூனிக்கில் நள்ளிரவு என்பது கோடையில் நமக்கு அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. கெடு நாள் மாலை ஏழு மணிக்கு இங்கே எல்லோரும் கிளம்பிவிட்டாலும் அங்கே பிற்பகல்தான், அசோசியேட் மேசையில் இருப்பார். இதைச் சோம்பலுக்குச் சாக்காக்காதீர்கள், ஆனால் தெரிந்து வைத்திருங்கள், ஒருமுறை உதவும். வாய்மொழி விசாரணை அங்கே காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. சாட்சி சொல்ல வேண்டிய பிளான்ட் மேலாளரை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வீடியோ முன்னால் உட்கார வைக்கிறோம் என்றால், முந்தின நாளே உற்பத்திப் பிரிவிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசிப் பயிற்சி

ஒவ்வொரு கெடுவையும் நான்கு பத்தியில் எழுதச் சொல்கிறேன்: தேதி, விதி, தவறினால் என்ன, சரிபார்த்தவர். மென்பொருள் முதல் பத்தியை நிரப்பிவிடும். சில மென்பொருள் இரண்டாவதையும். மூன்றாவதை மனிதர்தான் எழுத வேண்டும், நான்காவதை வேறொரு மனிதர்.

சென்ற தடவை கொடுத்த கணக்கு: வழங்கிய அறிவிப்பு 2023 மே 31. நாம் எதிர்ப்பாளர். ஒன்பது மாதம்.

பிப்ரவரி 31 கிடையாது என்பதில் எல்லோரும் ஒருகணம் நின்றார்கள். ஒருவர் மார்ச் 2 என்று எழுதினார். மிச்ச இரண்டு நாளை அடுத்த மாதத்தில் தள்ளிவிட்டார். இன்னொருவர் பிப்ரவரி 28. அது கெடுவுக்கு முன்னால் விழுவதால் ஆபத்து இல்லை, ஆனால் தவறுதான். மூன்று வருடம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் டிஸ்பேட்சில் இருந்துவிட்டு வந்த பெண் காலண்டர் இல்லாமலேயே கைபேசியில் லீப் வருடமா என்று பார்த்துவிட்டு, நிதானமாக எழுதினாள்: "2024 பிப்ரவரி 29, வியாழன். விதி 131(4): அந்த மாதத்தில் அந்தத் தேதி இல்லையென்றால் கடைசி நாள். தவறினால்: போச்சு." நான்காவது பத்தியை வெறுமையாக விட்டு, தாளைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினாள். அவர் தன் தாளில் இருந்த மார்ச் 2ஐ ஒருமுறை பார்த்தார், அவளுடையதைப் பார்த்தார், பேனாவை மூடினார். கையெழுத்துப் போடவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து 131ஐத் தேட ஆரம்பித்தார்.